சத்தமில்லாமல் நடந்த கிருஷ்ணன்

மார்கழி பிறந்துவிட்டால் சென்னையில் வெயில் உறைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளித்த மரங்கள் எல்லாம் பளிச்சென்று நிற்கும். காலையில் லேசாகப் பனி இறங்கும். நடப்பதற்கு இதைவிட நல்ல காலம் நம் ஊரில் கிடையாது.

வேளச்சேரியில் வசிக்கும் பிள்ளைகளே! உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறி வடக்குப் பக்கம் பாருங்கள். அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு அப்பால் கரும்பச்சையாக ஒரு பரப்பு தெரிகிறதா? அதுதான் கிண்டி தேசியப் பூங்கா. ஒரு பெரிய நகரத்தின் நடுவிலேயே இருக்கும் காடு. புள்ளிமான், வெளிமான், நரி, முயல், கீரி, நட்சத்திர ஆமை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. வண்டலூருக்குப் போனால்தான் விலங்கு பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பலருக்கு இது தெரியாது.

காட்டு விலங்கைப் பார்க்க ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை, வீட்டு வாசலில் இருந்தே ஆரம்பிக்கலாம் என்று வாழ்நாள் முழுவதும் எழுதிக் காட்டிய ஒருவர் இதே சென்னையில் வாழ்ந்தார். வேளச்சேரியிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் உள்ள மயிலாப்பூர்தான் அவருடைய ஊர். பெயர் மா. கிருஷ்ணன். இந்தியாவின் மிகச் சிறந்த இயற்கை ஆர்வலர்களில் ஒருவர் என்று உலகம் அவரை அறியும். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

கிருஷ்ணன் 1912-ம் ஆண்டு ஜூன் 30-ம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். வீட்டில் எட்டுக் குழந்தைகள். அவர்தான் கடைக்குட்டி. அப்பா யார் தெரியுமா? தமிழின் தொடக்க கால நாவல்களில் ஒன்றான 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா! மாதவையா உப்பு இலாகாவில் அதிகாரியாக இருந்தவர். எழுத்தின் மீது இருந்த ஆசையால் வேலையிலிருந்து முன்னதாகவே ஓய்வு பெற்று, மயிலாப்பூரில் சொந்தமாக அச்சகம் வைத்து, 'பஞ்சாமிர்தம்' என்ற பத்திரிகையை நடத்தினார். தம் சொந்த ஊரான பெருங்குளத்தின் பெயரையே வீட்டுக்கும் வைத்தார்.

அந்த வீடு இருந்தது எட்வர்ட் எலியட்ஸ் சாலையில். இப்போது அதற்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று பெயர். இன்றைக்கு அந்தச் சாலையைக் கடப்பதற்கே பத்து நிமிடம் நிற்க வேண்டியிருக்கிறது! நூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே புதர்க்காடு இருந்தது. பறவைகள் ஏராளம். நரிகள் நடமாடின. பக்கத்து வெளிகளில் வெளிமானைக்கூடப் பார்க்க முடிந்தது. சிறுவன் கிருஷ்ணனுக்குப் பள்ளிப் புத்தகத்தைவிட அந்தப் புதர்கள்தான் பிடித்திருந்தன. ஒரு கீரிப்பிள்ளையை வீட்டிலேயே வளர்த்தார். (இப்போது யாரும் கீரியைப் பிடித்து வளர்க்கக் கூடாது, பிள்ளைகளே. சட்டப்படி அது குற்றம். அந்தக் காலத்தில் அப்படிச் சட்டம் இல்லை.)

படித்தது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். அவருக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது பேரிடி விழுந்தது. 1925-ம் ஆண்டு அக்டோபர் மாதம், சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் மாதவையா பேசினார். பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்பதற்காகப் பேசினார். பேசி முடித்த சற்று நேரத்தில் அங்கேயே உயிர் பிரிந்தது. கடைக்குட்டியை வளர்க்கும் பொறுப்பு மூத்த சகோதர சகோதரிகளிடம் வந்தது. அண்ணன்களில் ஒருவரான மா. அனந்தநாராயணன் பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவே ஆனார். நன்றாகப் படிக்கும் குடும்பம்.

கிருஷ்ணன் மட்டும் மதிப்பெண் விஷயத்தில் அப்படி இல்லை!

1927-ல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் ஃபைசன் என்ற ஆங்கிலேயர். நீலகிரி, பழனி மலை உச்சிகளில் வளரும் செடிகொடிகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். அவர் மலைகளுக்குச் செடி சேகரிக்கப் போகும்போது கிருஷ்ணனும் கூடவே போவார். நீலகிரி, கொடைக்கானல் என்று நடந்து நடந்து, ஒவ்வொரு செடியையும் இலை, பூ, காய் என்று பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். பேராசிரியரின் மனைவி நன்றாக ஓவியம் வரைவார். நீர்வண்ணத்தில் தீட்டும் முறையை அவரிடமிருந்து கிருஷ்ணன் பழகிக்கொண்டார். பிற்காலத்தில் தாம் எழுதிய கட்டுரைகளுக்குத் தாமே படம் வரைய இந்தப் பயிற்சிதான் கைகொடுத்தது.

1931-ல் பி.ஏ. முடித்தார். பிறகு எம்.ஏ.வும் சட்டமும் படித்தார். ஆனால் தேர்வுத் தாளில் வந்த மதிப்பெண்கள் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. காட்டில் நிற்கும் செடியைப் பார்த்த உடனே பெயர் சொல்லத் தெரிந்த பையனுக்கு, தேர்வு அறையில் மட்டும் ஏனோ ஓடவில்லை. வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து ஜன்னல் வழியே மைனாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை அதட்டும்போதெல்லாம் எனக்குக் கிருஷ்ணன் நினைவு வரும். அதற்காக யாரும் படிக்காமல் இருந்துவிடாதீர்கள்! அவர் வீட்டில் படித்த புத்தகங்களுக்கு அளவே இல்லை.

மதிப்பெண் இல்லாவிட்டால் வேலை ஏது? பத்திரிகைகளுக்குக் கட்டுரையும் கேலிச்சித்திரமும் அனுப்பிக் கொஞ்சம் சம்பாதித்தார். ஓர் அச்சகத்தில் சில காலம், ஓவியப் பள்ளியில் சில காலம், வானொலியில் சில காலம் என்று வேலைகள் மாறின. 1937-ல் பெங்களூரைச் சேர்ந்த இந்துமதியைத் திருமணம் செய்துகொண்டார். குடும்பம் ஆகிவிட்டது, நிலையான வருமானம் மட்டும் வரவில்லை.

1942-ல் ஒரு வழி பிறந்தது. பெல்லாரிக்குப் பக்கத்தில் சந்தூர் என்று ஒரு சிறிய சமஸ்தானம் இருந்தது. மலையும் காடும் சூழ்ந்த ஊர். அங்கே வேலைக்கு அழைத்தார்கள். என்ன வேலை தெரியுமா? ஒரு வேலை அல்ல! பள்ளி ஆசிரியராக இருந்தார். நீதிபதியாக இருந்தார். விளம்பர அதிகாரியாக இருந்தார். கடைசியில் மகாராஜாவின் அரசியல் செயலாளராகவும் இருந்தார். சின்ன ராஜ்ஜியம் என்றால் ஒருவரே இத்தனையும் பார்க்க வேண்டியதுதான் போலும்.

வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் சந்தூர்க் காடுகளில் திரிந்தார். ஆடு மேய்த்துப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே மேய்த்தார்! செய்தி கொண்டுபோகும் புறாக்களை வளர்த்தார். எங்கே கொண்டுபோய் விட்டாலும் தன் கூட்டுக்கே திரும்பி வரும் புறா வகை அது. காலில் சின்னச் சீட்டைக் கட்டிவிட்டால் கடிதம் வந்து சேர்ந்துவிடும். ஆடும் புறாவும் வளர்த்தால் என்ன பெருமை என்று கேட்பீர்கள். ஒரு பிராணியோடு நாள் முழுவதும், மாதக் கணக்கில் இருந்தால்தான் அதன் குணம் தெரியும். பிற்காலத்தில் அவர் வீட்டு விலங்குகளைப் பற்றியும் நாட்டு நாய்களைப் பற்றியும் எழுதியபோது ஒவ்வொரு வரியிலும் அந்தப் பழக்கம் தெரிந்தது.

இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகு சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக நாட்டோடு இணைந்தன. சந்தூர் 1949-ல் இணைந்தது. அங்கே பணியில் இருந்த கிருஷ்ணனுக்கு அரசு வேலை காத்திருந்தது. மாதம் பிறந்தால் சம்பளம், ஓய்வு பெற்றால் பென்ஷன். முப்பத்தேழு வயது, குடும்பஸ்தர். வேறு யாராக இருந்தாலும் யோசிக்காமல் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். கிருஷ்ணன் வேண்டாம் என்றார். மயிலாப்பூருக்கே திரும்பி வந்தார். இனி எழுத்தும் புகைப்படமும்தான் பிழைப்பு என்று முடிவு செய்தார்.

இதை ஏதோ வீரச் செயல் என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அன்றைய தேதியில் பறவையைப் பற்றியும் அணிலைப் பற்றியும் எழுதி அரிசி வாங்க முடியும் என்று யாருமே நம்பியிருக்க மாட்டார்கள். ஒரு கட்டுரைக்குக் கிடைக்கும் பணம் கொஞ்சம்தான். கேமரா, ஃபிலிம் எல்லாம் விலை அதிகம். அந்த வீட்டில் சிக்கனமாகக் குடும்பம் நடத்தியவர் இந்துமதி அம்மையார். அவர் பங்கு இல்லாமல் இந்தக் கதை நடந்திருக்காது.

1950-ல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த 'ஸ்டேட்ஸ்மன்' ஆங்கில நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற தலைப்பில் எழுதத் தொடங்கினார். நாட்டுப்புறக் குறிப்பேடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை. எத்தனை ஆண்டுகள் எழுதினார்? 46 ஆண்டுகள்! ஆண்டுக்கு 26 கட்டுரை என்றால் எத்தனை வரும், கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,196. நடுவில் ஒன்றிரண்டு விட்டுப்போயிருந்தாலும் ஆயிரத்துக்குக் குறையாது. உலகத்திலேயே ஒரே பத்திரிகையில் இவ்வளவு காலம் இயற்கையைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலர்தான் இருப்பார்கள்.

அத்தனை கட்டுரைகளுக்கும் விஷயம் எங்கிருந்து கிடைத்தது? புலியும் யானையும் மட்டும் என்றால் ஐம்பது கட்டுரையில் சரக்கு தீர்ந்துபோகும். கிருஷ்ணன் கண்ணில் பட்டது எல்லாமே விஷயம்தான். சுவரில் ஒட்டியிருக்கும் பல்லி, கூரையில் ஓடும் அணில், காக்கை, குயில், தெருவில் படுத்திருக்கும் நாய் எல்லாமே அவர் எழுத்தில் வந்தன. காக்கையைத் தினமும் பார்க்கிறோம். அது நீரில் குளிக்கும்போது எந்தச் சிறகை முதலில் நனைக்கிறது என்று யாராவது கவனித்திருக்கிறோமா? இப்படிக் கவனிப்பதுதான் அவருக்கு வேலை.

இங்கேதான் நம் கிண்டிக்கு வருகிறேன். குளிர்காலத்தில் ஒரு நாள் நீங்களும் கிண்டிக்குப் போனால், கிருஷ்ணன் மாதிரிப் பார்க்கப் பழகலாம். காட்டின் உட்பகுதிக்குப் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் சிறுவர் பூங்கா எல்லாருக்கும் திறந்தது. மரநிழலும் நடைபாதையும் அங்கே உண்டு. சிறுவர்கள் அலுக்காமல் நடக்கக்கூடிய தூரம்தான்.

நான் பணியில் இருந்தபோது டிசம்பர் மாதங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போவேன். வாசலுக்குள் நுழைந்ததும் அவர்கள் ஓவென்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, ஒன்றையும் காணோம் சார் என்பார்கள். எப்படி இருக்கும்? நாற்பது பேர் கத்தினால் எந்த விலங்கு நிற்கும்! அதன் பிறகு எல்லாரையும் ஒரு மரத்தடியில் உட்கார வைத்து, கால் மணி நேரம் வாய் திறக்கக் கூடாது என்பேன். முதல் ஐந்து நிமிடம் நெளிவார்கள். பத்தாவது நிமிடத்தில் அணில் இறங்கி வரும். பிறகு சருகு சலசலக்கும். கீரி ஒன்று தலையை நீட்டும். அப்போது அந்தக் கண்கள் விரிவதைப் பார்க்க வேண்டுமே!

கிருஷ்ணன் காட்டில் செய்தது இதைத்தான். தனியாகப் போவார். நடப்பார், நிற்பார், நின்ற இடத்தில் நெடுநேரம் நிற்பார். வாகனத்தில் உட்கார்ந்து காட்டைச் சுற்றுவதைவிட, நடந்து போவதையும் பழகிய யானை மீது ஏறிப் போவதையும்தான் விரும்பினார். காட்டு விலங்குகள் தம் பாட்டுக்கு என்ன செய்கின்றன என்பதே அவருக்கு முக்கியம்.

கிண்டியில் இரண்டு வகை மான்கள் உண்டு. இரண்டையும் மான் என்று சொல்லிவிட்டு வந்துவிடக் கூடாது. புள்ளிமானின் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். கிடாவுக்குக் கிளைவிட்ட கொம்பு. அந்தக் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மறுபடி முளைக்கும். வெளிமான் வேறு ஜாதி. அதற்குப் புள்ளி கிடையாது. கிடாவின் முதுகு கருமை, வயிறு தூய வெள்ளை. கொம்பு கிளைவிடாது, திருகாணி போல முறுக்கிக்கொண்டு மேலே போகும். உதிரவே உதிராது. திருகுமான், புல்வாய், இரலை என்றெல்லாம் தமிழில் அதற்குப் பெயர்கள் உண்டு. நம் முன்னோர் எவ்வளவு கூர்ந்து பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

வெளிமான் என்ற பெயரிலேயே அதன் வாழ்க்கை இருக்கிறது. வெளியில், அதாவது திறந்த புல்வெளியில் வாழும் மான். எதிரி வந்தால் ஓடித் தப்பும். ஓட வெளி வேண்டும். புதர் மண்டினால் அதற்கு ஆபத்து. புள்ளிமானுக்கு மரமும் புதரும் இருந்தால் போதும், பெருகிவிடும். கிண்டியில் புள்ளிமான் பிற்காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டது. இன்று அங்கே வெளிமானைவிட அதுதான் அதிகம்.

கிருஷ்ணனின் வாழ்நாளிலேயே இந்தக் காடு பாதியாகச் சுருங்கியது. ஒரு காலத்தில் இது ஆங்கிலேய கவர்னரின் தோட்ட மாளிகையைச் சேர்ந்த நிலம். 1910-ல் சுமார் 505 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 1958-ல் ஒரு பகுதி ஐ.ஐ.டி.க்குப் போனது. அதே ஆண்டு, நேருவின் விருப்பப்படி ஒரு பகுதி மான் பூங்காவுக்கும் சிறுவர் பூங்காவுக்கும் ஒதுக்கப்பட்டது. பிறகு நினைவு மண்டபங்கள், கல்வி நிலையங்கள் என்று நிலம் பிரிந்துகொண்டே வந்தது. 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது மிஞ்சியது 270 ஹெக்டேர் சொச்சம். இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் இதுவும் ஒன்று. ஐ.ஐ.டி.யும் வேண்டும், மண்டபமும் வேண்டும், வீடும் வேண்டும், எல்லாம் சரி. நரிக்கும் வெளிமானுக்கும் வேறு விலாசம் கிடையாதே! சிறுவயதில் மயிலாப்பூரிலேயே நரியைப் பார்த்த கிருஷ்ணன், ஒரு வேலிக்குள் மட்டும் அவை மிஞ்சி நிற்கும் காலத்தையும் பார்த்துவிட்டார்.

குளிர்காலத்தில் கிண்டிக்கு விருந்தாளிகளும் வருவார்கள். வடக்கே குளிர் ஆரம்பித்ததும் பறவைகள் தெற்கே பறந்து வரும். ஆறுமணிக்குருவி என்று ஒன்று. கட்டைவால், உடம்பெல்லாம் பல நிறம். தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டிப் பூச்சி தின்னும். காலை ஆறு மணி, மாலை ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர். அரசவால் ஈப்பிடிப்பானும் வரும். வளர்ந்த ஆணுக்கு நாடா போல நீண்ட வால் இருக்கும். இதையெல்லாம் ஒரே நாளில் பார்த்துவிட முடியாது. ஒன்றுமே கண்ணில் படாமல் வீடு திரும்பும் நாளும் உண்டு. கிருஷ்ணனுக்கும் அப்படி எத்தனையோ நாட்கள் இருந்திருக்கும்.

அதே பனிக்காலத்தில் வேடந்தாங்கல் ஏரியில் மரங்கள் தண்ணீருக்குள் நிற்கும். அவற்றின் மேல் நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும். அந்த ஏரிப் பறவைகளையும் கிருஷ்ணன் கவனித்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். ஒரு விஷயம் அவருக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பறவைகளைக் காப்பாற்றியவர்கள் ஊர் மக்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்று அவர்களுக்குத் தெரியும். யாரும் சுடக் கூடாது என்று 18-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கல்பட்டுக் கலெக்டரிடம் உத்தரவு வாங்கி வைத்திருந்தார்கள்!

இனி அவருடைய கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேட்டால் சிரிப்பீர்கள். உடல் ஒரு கம்பெனி, லென்ஸ் இன்னொரு கம்பெனி, மற்ற பாகங்கள் எங்கெங்கோ கிடைத்தவை. எல்லாவற்றையும் தாமே பொருத்திக்கொண்டார். தூக்கவே கனமான அந்த யந்திரத்துக்கு 'சூப்பர் பான்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார். ஈ.பி. ஜீ என்ற இயற்கை ஆர்வலர் அதைப் பார்த்துவிட்டு, எங்காவது கம்பியும் கயிறும் போட்டுக் கட்டியிருப்பார் என்று கேலி செய்து எழுதினார். ஆனால் அந்தக் கேமராவில் எடுத்த படங்களைக் கேலி செய்ய யாராலும் முடியவில்லை.

எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். இப்போது செல்போனில் ஒரு நிமிடத்தில் ஐம்பது படம் எடுத்து, வேண்டாததை அழித்துவிடுகிறீர்கள். அப்போது ஃபிலிம் சுருளில் குறிப்பிட்ட எண்ணிக்கைதான் எடுக்கலாம். எடுத்ததைக் கழுவிப் பார்க்கும்வரை படம் விழுந்ததா என்றே தெரியாது. அதனால் கிருஷ்ணன் அவசரப்பட மாட்டார். விலங்கு நன்றாகத் திரும்பும்வரை, வெளிச்சம் சரியாக விழும்வரை காத்திருப்பார். வண்ணம் இல்லாமலேயே யானையின் தோல் மடிப்பும் காட்டெருமையின் திமிலும் தொட்டுப் பார்க்கலாம் போல அந்தப் படங்களில் தெரியும்.

யானை என்றால் அவருக்கு உயிர். முதுமலைக் காட்டில் பழகிய யானையின் மீது ஏறிக்கொண்டு காட்டு யானைக் கூட்டத்தை நெருங்கிப் படம் எடுத்தார். ஒவ்வொரு யானைக்கும் தனிக் குணம் உண்டு என்பதைக் கவனித்து எழுதினார். யானைப் பாகர்களுக்குத் தெரிந்த ஒரு கணக்கை உங்களுக்குச் சொல்கிறேன். யானையின் முன்னங்கால் தடத்தைச் சுற்றி நூலால் அளந்து இரண்டால் பெருக்கினால், ஏறக்குறைய அதன் தோள் உயரம் வந்துவிடும். சுற்றளவு நாலரை அடி என்றால் யானை ஒன்பது அடி! யானையைப் பார்க்காமலேயே அதன் உயரத்தைச் சொல்லிவிடலாம்.

1968-ல் ஜவாஹர்லால் நேரு நினைவு ஆய்வு நிதி அவருக்குக் கிடைத்தது. அதைக் கொண்டு தென்னிந்தியக் காடுகளையும் மற்றப் பல காடுகளையும் சுற்றி, யானை, காட்டெருமை, மான் முதலிய பெரிய விலங்குகள் எங்கே எப்படி இருக்கின்றன என்று ஆராய்ந்தார். அந்த அறிக்கை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடராக வந்தது. அரசின் வனவிலங்கு வாரியத்திலும் பல ஆண்டுகள் இருந்தார். இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. 1995-ல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் 'குளோபல் 500' விருது வந்தது.

விருது வாங்கியவர் என்பதற்காக எல்லாருக்கும் தலையாட்டவில்லை. பட்டென்று பேசிவிடுவார். அவர் ஓயாமல் எதிர்த்தது ஒன்று உண்டு: வெளிநாட்டு மரங்களை இங்கே கொண்டுவந்து நடுவது. தைல மரம் சீக்கிரம் வளரும் என்று மலைமலையாக நட்டார்கள். சாலையோரங்களில் சிவப்பாகப் பூக்கிறது என்று வேற்று நாட்டு மரங்களை வைத்தார்கள். கிருஷ்ணனுக்கு இதில் கோபமான கோபம். ஒரு நாட்டின் அடையாளம் கோயிலிலும் மொழியிலும் மட்டும் இல்லை, அதன் மண்ணில் தானாக முளைக்கும் மரத்திலும் அங்கே மேயும் விலங்கிலும் இருக்கிறது என்பது அவர் எண்ணம். ஆலும் அரசும் நாவலும் வேம்பும் இருக்கும்போது எங்கிருந்தோ ஏன் கொண்டுவர வேண்டும் என்று கேட்டார். நாட்டு மரத்தில்தான் நாட்டுப் பறவைக்குப் பழமும் பூச்சியும் கிடைக்கும். அன்று பலர் இதைப் பிடிவாதம் என்றார்கள். இன்று வனத்துறையே அந்நிய மரங்களை அகற்றி வருகிறது.

ஆங்கிலத்தில் எழுதிப் புகழ் பெற்றவர் என்றாலும் கிருஷ்ணன் தமிழை விடவில்லை. சங்க இலக்கியத்தை நன்றாகக் கற்றவர். பழைய பாட்டில் வரும் விலங்கும் பறவையும் எது என்று காட்டில் பார்த்ததோடு ஒப்பிட்டுச் சொல்வார். பெ. தூரன் தலைமையில் தமிழ்க் கலைக்களஞ்சியம் உருவானபோது, அதற்கும் விலங்குகளைப் பற்றிக் கட்டுரைகள் எழுதிக் கொடுத்தார். இன்னொரு வேடிக்கை: எண்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு துப்பறியும் நாவல் வெளியிட்டார்! 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று பெயர். 1995-ல் வந்தது.

அடுத்த ஆண்டு, 1996 பிப்ரவரி 18-ம் தேதி சென்னையில் காலமானார். எண்பத்து மூன்று வயது. அன்றைய 'ஸ்டேட்ஸ்மன்' இதழிலும் அவருடைய கட்டுரை வந்திருந்தது.

பத்திரிகைகளில் சிதறிக் கிடந்த அவருடைய தமிழ்க் கட்டுரைகளை எழுத்தாளர் தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்தார். 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற அந்த நூல் 2002-ல் வெளிவந்தது. கிருஷ்ணன் வரைந்த படங்களும் அதில் இருக்கின்றன. ஏழாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியும். சின்னவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ வாசித்துக் காட்டலாம். அவர் எடுத்த யானைப் படங்களைப் பார்க்க வேண்டுமானால், 2006-ல் வந்த 'ஐ இன் தி ஜங்கிள்' என்ற பெரிய ஆங்கிலப் புத்தகம் இருக்கிறது. விலை கூடுதல். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் உங்களுக்குப் பக்கம்தானே, அங்கே கேட்டுப் பாருங்கள்.